இனிஷியல் கட்டத்தில் ஒரு நட்சத்திரம்

என் வீட்டுக்காரருக்கு மென்பொருள் பைத்தியம். மற்ற ஆண்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனால் கறி வரும், மீன் வரும். இவர் போனால் கம்ப்யூட்டர் பத்திரிகையும் அதோடு இலவசமாக ஒரு சிடியும் வரும். கறி எங்கே என்று கேட்டால், அடடா என்று தலையைச் சொறிவார். அன்றைக்கும் எங்கள் வீட்டில் தக்காளி ரசம்தான்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, சரியாக நினைவில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. முடிச்சூரில் வயலை மேடாக்கிக் கட்டிய அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஒரு மாதத்தில் இவர் எத்தனை தளங்களில் பதிவு செய்துகொண்டார் என்பது அவருக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு வேண்டுமே. கேலண்டர் தாளின் பின்பக்கம், பால் கவர், என் லெசன் பிளான் நோட்டு என்று கண்ட இடத்திலெல்லாம் எழுதி வைத்தார். ஏழாம் வகுப்புப் பின்னங்களுக்கு நடுவில் ஏதோ கிறுக்கியிருக்கிறது என்று தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு விசாரித்த பிறகு, வீட்டில் நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டு அக்கா மாடியேறி வந்து என்ன ஏது என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்த சிடியில்தான் அந்தப் பாஸ்வேர்டு மேனேஜர் இருந்தது. எல்லாப் பாஸ்வேர்டையும் அதுவே வைத்துக்கொள்ளும், எந்தத் தளத்துக்குப் போனாலும் அதுவே நிரப்பும், அதுவே பட்டனையும் தட்டும், நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்றார். அந்தப் பெட்டியைத் திறக்க ஒரே ஒரு பெரிய பாஸ்வேர்டு. அதை என் காதில் ரகசியமாகச் சொன்னார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர், கதவும் சாத்தியிருந்தது.

ஒழுங்கான தளங்களில் அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் காலத்துத் தளங்கள் எல்லாம் ஒழுங்காகவா இருந்தன? ஒவ்வொருவரும் ஒவ்வொரு தினுசாகக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு வங்கித் தளத்தில் எழுத்துகளைத் திரையிலேயே கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றாக மவுஸால் தேடித் தட்டு என்றார்கள். அங்கே மென்பொருள் திருதிருவென்று விழித்தது. இன்னொரு தளத்தில் முதல் பக்கத்தில் பெயரை மட்டும் கேட்டு, அடுத்த பக்கத்தில்தான் பாஸ்வேர்டு கேட்பார்கள். முதல் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் இருப்பதைப் பார்த்த நம்முடைய மேதாவி, பெயர் போட வேண்டிய இடத்தில் பாஸ்வேர்டைக் கொண்டுபோய்க் கொட்டியது. பெயர்க் கட்டத்தில் நட்சத்திரம் போட்டு மறைக்க மாட்டார்கள். காபி கொடுக்க வந்த நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். என் பொண்டாட்டி பத்ரகாளி, கடைசியில் ஒரு ஒன்று.

ஒன்று எதற்கு என்று கேட்டேன். பாஸ்வேர்டில் ஒரு எண்ணாவது இருக்க வேண்டும் என்று தளம் கேட்கிறதாம். அவர் முகத்தை நிமிர்த்தவே இல்லை. அப்போ ரெண்டாவது ஒருத்தி வந்தா ரெண்டு போடுவீங்களா என்றேன். காபியை நானே குடித்துவிட்டேன்.

அந்த மென்பொருளில் இன்னொரு வசதியும் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை போட்டு, பெயர், இனிஷியல், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், எந்தப் படிவம் வந்தாலும் அதிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். தனக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் அவரே போட்டு வைத்தார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான் சரி சரி என்று தலையாட்டினேன். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்கவில்லை. அது என் தப்புதான்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். நான் எம்.எஸ்ஸி. கணக்கு. வேலை பார்த்ததோ வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு சின்னப் பள்ளியில். ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுப்பேன், அதோடு நீதிபோதனை, ஆண்டுவிழா வந்தால் கோலாட்டம். வகை நுண்கணிதத்தில் நல்ல மார்க் வாங்கியவள் மூன்று வருஷமாகப் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கோவிலம்பாக்கம் பக்கம் புதிதாக ஒரு பெரிய பள்ளி வந்தது. பிளஸ் டூ கணக்குக்கு ஒரே ஒரு இடம், எழுத்துத் தேர்வு வைத்து எடுப்போம் என்று விளம்பரம் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. வீட்டுக்கு இன்னும் பிராட்பேண்ட் வராத நேரம் அது. மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பாய் நடத்திய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானே பதிவு செய்துவிட்டு வந்தேன். ஹால் டிக்கெட்டை அதே தளத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணியோடு சரி, அப்புறம் மூடிவிடுவார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். இன்னும் முன்னாடியே எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் பள்ளியில் அந்த வாரம் முழுக்கக் கோலாட்டம்.

அந்தத் தளத்தை யார் செய்தார்களோ, தபாலில் அனுப்பும் விண்ணப்பத் தாளைத் திரையில் அப்படியே ஒட்டி வைத்திருந்தார்கள். பதிவு எண்ணுக்கு ஒரு கட்டம். பெயருக்கு இருபது குட்டிக் கட்டங்கள், ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். கடைசியில் இனிஷியலுக்கு ஒரே கட்டம். பாஸ்வேர்டு என்று தனியாக எதுவும் இல்லை. இனிஷியல்தான் பாஸ்வேர்டு போலிருக்கிறது, அந்தக் கட்டத்தில் என்ன தட்டினாலும் எழுத்து தெரியாது, ஒரு நட்சத்திரம் தெரியும். உலகத்தில் யாராவது இனிஷியலை ரகசியம் என்று நினைப்பார்களா? பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் ஊரறிய எழுதுகிற ஒரே எழுத்து அதுதான்.

பதிவு எண்ணை இவர் தட்டினாரோ இல்லையோ, பெயருக்கு வருவதற்குள் மென்பொருள் பாய்ந்துவிட்டது. என் முழுப் பெயரையும் முதல் குட்டிக் கட்டத்தில் திணித்தது. அதில் ஒரு எழுத்துதான் கொள்ளும், எம் மட்டும் நின்றது. மீதிப் பத்தொன்பது கட்டமும் காலி. இனிஷியலில் ஒரு நட்சத்திரம் விழுந்தது. அதுவே பட்டனையும் தட்டிவிட்டது. விவரங்கள் பொருந்தவில்லை என்று சிவப்பில் வந்தது. கீழே இன்னொரு வரி. இன்னும் இரண்டு முறைதான், அதற்குமேல் தவறினால் பதிவு முடக்கப்படும், திங்கட்கிழமை அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளவும்.

திங்கட்கிழமை தொடர்பு கொண்டு என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை பரீட்சை.

சைட் சரியில்லை என்றார் இவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாற்காலியை விட்டு எழுந்திரிக்கச் சொல்லி நானே உட்கார்ந்தேன். தானாகப் பட்டன் தட்டும் வேலையை மட்டும் அவரை நிறுத்தச் சொன்னேன். பதிவு எண்ணைப் போட்டு, பெயரை எழுத்து எழுத்தாக, கட்டம் கட்டமாக நிரப்பினேன். இனிஷியல் கட்டத்துக்கு வந்து ஆர் தட்டினேன். ஒரு நட்சத்திரம் இருந்தது. சரி என்று பட்டனை அழுத்தினேன். விவரங்கள் பொருந்தவில்லை. இன்னும் ஒரு முறை.

அந்த நட்சத்திரம் நான் தட்டியது இல்லை, மென்பொருள் முன்பே போட்டு வைத்தது, ஒரு எழுத்து கொள்ளும் கட்டத்தில் என் ஆர் உள்ளே போகவே இல்லை என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எந்த எழுத்தாக இருந்தாலும் நட்சத்திரம் ஒன்றுதானே.

இவர் சும்மா இருந்திருக்கலாம். இந்தத் தடவை நிச்சயம் வரும், நான் ஒரு செட்டிங்கை மாற்றியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே மவுஸை எடுத்தார். குனிந்து சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். கம்ப்யூட்டர் செத்தது. அப்படி அணைத்தால் ஹார்ட் டிஸ்க் போய்விடும் என்று பதறினார். போகட்டும் என்றேன். என் பிளஸ் டூ வகுப்பு அந்த மவுஸில் தொங்கிக்கொண்டிருந்தது, இவருக்கு ஹார்ட் டிஸ்க் கவலை.

ஸ்கூட்டரை எடுங்கள், பாய் கடைக்குப் போகணும் என்றேன். எடுத்தார். வழியில் வாயே திறக்கவில்லை. பத்ரகாளி பின்னால் உட்கார்ந்திருக்கும்போது எந்த ஆம்பிளை பேசுவான்?

பாய் கடைக்குள் நுழைந்தபோது மூன்றரை. விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே கம்ப்யூட்டரைத் தொடவில்லை. நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பேனாவைத் திறந்து, என்னை எதிரே உட்கார வைத்தார். கடைசி தடவை என்றால் அவர் கடையில் அதுதான் முறையாம். எதைத் தட்டப்போகிறோமோ அதை முதலில் பேப்பரில் எழுதிவிட வேண்டும், பிறகு பார்த்துத் தட்ட வேண்டும். ரிசல்ட் பார்க்க வருகிற பிள்ளைகள் கை நடுக்கத்தில் எண்ணை மாற்றித் தட்டிவிட்டு அழுவதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்றார். பதிவு எண்ணைச் சொன்னேன், எழுதினார். பெயரைச் சொன்னேன், எழுதினார்.

"இனிஷியல் இன்னா மேடம்?"

"ஆர்" என்றேன்.

அதே நொடியில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து "ஜி" என்று ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். இவர்தான். ஜி என்பது இவர் பெயரின் முதல் எழுத்து. நான் கேட்கும்முன்பே இவருக்கு விளங்கிவிட்டது போலிருக்கிறது, ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அட்டையில் என்ன போட்டிருக்கீங்க என்று கேட்டேன். ஜிதான் என்றார், தொண்டைக்குள்ளேயே.

பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பேனாவை மூடினார். "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு எழுத்துக்கு வாங்க. நான் அதுக்குள்ள ஒரு டீ அடிச்சிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நல்ல மனுஷன். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவில் நிற்கக்கூடாது என்று தெரிந்தவர்.

நாங்கள் பேசவில்லை. கோபம் வந்தால் எனக்கு வாய் நீளும் என்பது ஊரறிந்த விஷயம், அன்றைக்கு அழுகை வந்தது. அப்பா இறந்து அப்போது நான்கு வருஷம். என் நோட்டுகளுக்கு அட்டை போட்டு, லேபிளில் பெயர் எழுதுவது அவர் வேலை. ஆர் என்ற எழுத்தை லேபிளில் பாதி வரும்படி பெரிதாக எழுதுவார். மீதியில் என் பெயரை நெருக்கி நெருக்கி எழுதுவார். இது யார் நோட்டு, உன்னுதா உங்க அப்பாவுதா என்று வகுப்பில் கேலி செய்வார்கள். எம்.எஸ்ஸி. சேர்த்துவிட்டதும் அவர்தான், பட்டம் வாங்குவதைப் பார்க்காமல் போனவரும் அவர்தான். அந்தச் சான்றிதழில் அவருடையது என்று இருப்பது அந்த ஒரு எழுத்து.

ரேஷன் கார்டில் ஜி ஆனது. கேஸ் புத்தகத்தில், வாக்காளர் பட்டியலில் ஜி ஆனது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் நடப்பதுதானே என்று விட்டுவிட்டேன். இதையும் அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எனக்குத் தெரியும். அட்டையில் இனிஷியல் என்று ஒரு கட்டம் கேட்டது, கை தானாகப் போட்டுவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. யோசித்துப் போட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பாய் டீ குடித்துவிட்டு வந்தார். "இன்னா, முடிவாச்சா?"

"ஆர்" என்றார் என் வீட்டுக்காரர், எனக்கு முந்திக்கொண்டு.

பாய் எழுதினார். தாளை என் முன்னால் வைத்தார். நீங்களே தட்டுங்க மேடம் என்றார். கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன, எந்த மேதாவியும் குறுக்கே வந்து விழவில்லை. பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ஆர் தட்டினேன். நட்சத்திரம் விழுந்தது. பட்டனை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஹால் டிக்கெட் வந்திருச்சு மேடம் என்று பாய் சொன்ன பிறகுதான் திறந்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அன்றைக்குப் பூசாரியை வீட்டிலேயே அணைத்துவிட்டு வந்ததால் வரம் கிடைத்தது.

மறுநாள் பரீட்சை அறையில் ஒரு அம்மாள் ஹால் டிக்கெட்டையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆள்காட்டி விரலால் எழுத்தெழுத்தாகத் தடவி ஒப்பிட்டுப் பார்த்தார். விரல் ஆர் மேல் வந்து கொஞ்சம் நின்றது. பிறகு போய் உட்காருங்கள் என்றார். கணக்கெல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. நேர்முகமும் முடிந்து, அந்த வருஷம் ஜூன் மாதம் நான் பிளஸ் டூ வகுப்பில் எல்லையும் தொடர்ச்சியும் பாடம் எடுத்தேன். முதல் நாள் போர்டில் எழுதும்போது சுண்ணாம்புக்கட்டி மூன்று தடவை உடைந்தது.

ஆனால் பரீட்சை எழுதிவிட்டு வந்த அந்த ஞாயிறு சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். இவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஹார்ட் டிஸ்க் ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் ஓடியது. காதில் ரகசியமாகச் சொன்ன பாஸ்வேர்டைப் போட்டுப் பெட்டியைத் திறந்தேன். என் அட்டையில் ஜியை எடுத்துவிட்டு ஆர் போட்டேன். அத்தோடு எழுந்திருந்தால் நான் நல்ல பெண். அவருடைய அட்டையையும் திறந்தேன். அதில் அவர் அப்பாவின் எழுத்து இருந்தது. அதை எடுத்துவிட்டு என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். எம். முடிச்சூர் வட்டாரத்திலேயே பெண்டாட்டி பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்ட முதல் புருஷன். மூடிவிட்டு வந்து நிம்மதியாகப் பஜ்ஜி போட்டேன். அவருக்கு நாலு பஜ்ஜி அதிகம் வைத்தேன், பாவம்.

இரண்டு வாரம் போயிற்று. இவர் எந்தப் படிவத்தையும் நிமிர்ந்து பார்ப்பவர் இல்லை, மென்பொருள் நிரப்பும், இவர் காபி குடிப்பார். அந்த இடைவெளியில் பாஸ்வேர்டு மேனேஜரின் புதுப் பதிப்பை சிடியில் வீட்டுக்கே அனுப்புகிறார்கள் என்று ஒரு தளத்தில் விண்ணப்பித்திருந்தார். கோணல்மாணலான படிவங்களையும் அது சரியாக நிரப்புமாம். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் வாசலிலேயே கேட்பார், கூரியர் வந்ததா என்று.

ஒரு சனிக்கிழமை காலை வந்தது. கூரியர்க்காரர் கதவருகே நின்று கவரைப் பார்த்துப் பெயரைச் சத்தமாகப் படித்தார். எம்மில் ஆரம்பித்துப் படித்தார். பல் தேய்த்துக்கொண்டே வந்த இவர், நான்தான் அது, ஆனால் எம் இல்லை என்றார். கவரை வாங்கிப் பார்த்தார். அச்சில் பளிச்சென்று இருந்தது, எம், ஒரு புள்ளி, அப்புறம் இவர் பெயர். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பரவாயில்லை, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவை எடுத்துத் தாளில் வழக்கம்போல ஆரம்பிக்கப் போனார். கூரியர்க்காரர் தாளை இழுத்துக்கொண்டார்.

"சார், கவர்ல இன்னா பேரு கீதோ அதே மாதிரி போடுங்க. மாறிச்சுன்னா ரிட்டர்ன் எடுத்துக்கினு போயிடுவேன்."

இது ஏதோ தப்பா அச்சாகியிருக்கு, நான் யார் தெரியுமா, இந்தப் பிளாட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அந்த ஆள் அசையவில்லை. தாளில் இருப்பது கையெழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இவர் கவரைப் பார்த்தார். சிடி உள்ளே இருப்பது மேலே தடவினாலே தெரிந்தது. இரண்டு வாரம் காத்திருந்த சிடி.

பேனாவைத் தாளில் வைத்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. இத்தனை வருஷமாக எந்த எழுத்தில் ஆரம்பித்ததோ அந்தப் பக்கம் கை போயிற்று, நின்றது. பிறகு, எழுதப் பழகுகிற பிள்ளை மாதிரி, மேலும் கீழுமாக எம் போட்டார். புள்ளி வைத்தார். தன் பெயரை எழுதினார். கூரியர்க்காரர் தாளை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இவர் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார். நான் திட்டு விழும் என்று நினைத்தேன், பதிலுக்கு நாலு வாக்கியம் தயாராகவும் வைத்திருந்தேன். திட்டவில்லை. சிடியைப் பிரிக்கவும் இல்லை.

"ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

"எப்படி?"

"வேற யாருக்கோ நான் கையெழுத்துப் போட்ட மாதிரி."

"பழகிடும்" என்றேன்.